வெற்று வரிசைக்குக் காட்டிய கை

நவம்பர் 11, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு நேர்ந்தது. செயலியோடு வரும் 'நிறுத்து' சைகையை மாற்ற மறந்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். நூலகத்தின் அடித்தளத்தில் நடந்துவந்த எங்கள் மாலை இசை வகுப்பு, இன்றுமுதல் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள பழைய புகையிலைக் கிடங்கின் மூன்றாம் மாடிக்கு மாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தேர்வு அங்கேதான் என்பதால், நான்கு நாள் பழகிக்கொள்ளட்டும் என்று நகராட்சி சாவியைக் கொடுத்திருக்கிறது. ஆறு மணிக்கு நான் போனபோதே இருட்டிவிட்டது. படிக்கட்டில் விளக்கு இல்லை. அந்தக் கிடங்குக்குக் கடைசியாகப் புகையிலை வந்து நாற்பது ஆண்டாவது இருக்கும். வாசனை மட்டும் போகவில்லை. காய்ந்த அத்திப்பழமும் ஈரச் சாக்கும் கலந்ததுபோல ஒரு வாசனை. தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது.

மேலே ஒரே நீளக் கூடம். இரும்புத் தூண்கள். ஒரு முனையில் எங்கள் மேஜைகள். மறுமுனையில், ஜன்னல்களுக்குக் கீழே, மரத்தரை மட்டும்.

பதினான்கு பேரோடு தொடங்கிய வகுப்பில் மூன்று பேர்தான் மிச்சம். லாசரோஸ் கல்யாணங்களில் பாட்டுப் போடுகிறவன். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு கையையும் கூரைக்குத் தூக்குவதற்குக் கலை என்று பெயர் வைத்திருக்கிறான். செவஸ்திக்கு மருந்துக்கடையில் வேலை. கேள்வி கேட்கும் முன் மன்னிப்புக் கேட்பாள், பதில் வந்த பிறகும் மன்னிப்புக் கேட்பாள். மூன்றாவது ஆள் நான், ஐஸ் ஆலையில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கிறவன். ஆசிரியர் மாந்தோஸ் தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிறவர். கூட இருப்பவர்களைப் பற்றி இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. நான் ஒன்றும் உசத்தி இல்லை. ஆனால் இவர்களோடு நிற்கும்போது அப்படித் தோன்றிவிடுகிறது.

நாங்கள் செய்வது எளிது. கைபேசியைப் புறங்கையில் பட்டையால் கட்டிக்கொள்கிறோம். கையை உயர்த்தினால், சாய்த்தால், முறுக்கினால், செயலி அந்த அசைவைப் பூஜ்யம் முதல் நூற்றிருபத்தேழு வரை எண்ணாக்கி மடிக்கணினிக்கு அனுப்பும். மிடி என்பது அந்த எண்களின் மொழி. இசை மென்பொருள் அவற்றை ஒலியாக்கும். கை எந்தத் திசையைப் பார்த்தது என்பதும் பாகைக் கணக்கில் பதிவாகும். எல்லாம் திரையில் கோடாக வரும். கோடு யாருக்கும் முகத்துதி செய்யாது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

சிக்கல் 'நிறுத்து' சைகையில். செயலியை எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ, ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை முன்னால் தள்ளினால் ஒலி நிற்கும் என்று வைத்திருக்கிறான். மாந்தோஸ் முதல் நாளே சொன்னார்: "இவன் நம்ம ஊர்ல ஒரு சாயங்காலம் இருந்திருந்தா பல்லு போயிருக்கும். உள்ளங்கையை யாருக்கும் காட்டித் தொலைக்காதீங்க. கையைத் தாழ்த்துற மாதிரி மாத்திக்கோங்க."

ஐந்து ரொட்டி கேட்டாலே உள்ளங்கையை நம் பக்கம் திருப்பித்தானே ஐந்து காட்டுவோம். முகத்துக்கு நேரே விரித்த கை மூண்ட்ஸா. அதைவிடக் கேவலமான வசவு எங்களிடம் இல்லை.

ஞாயிறன்று செயலியை அழித்து மறுபடி ஏற்றியதில் பழைய சைகை திரும்பிவிட்டது. பயிற்சியின் முடிவில், கூடத்தின் மறுமுனையைப் பார்த்து நின்று, கையை உயர்த்தி, விரித்து, தள்ளினேன். ஒலி அறுந்தது.

"டேய், யாருக்குடா மூண்ட்ஸா?" என்று லாசரோஸ் சிரித்தான். "நல்லவேளை, வாங்கிக்க ஆள் இல்ல."

செவஸ்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ ஃபோட்டிஸ், வெறும் இடத்துக்கும் காட்டக்கூடாதும்பாங்க."

"ஏன், தரைக்கு ரோஷம் வந்துடுமா?" என்றேன்.

சைகையை அங்கேயே மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை நகர நாடக அரங்கின் ஒலிப்பொறுப்பாளர் த்சாகிரி அம்மாள் வருகிறார். எங்கள் மூவரில் ஒருவருக்கு அரங்கில் நிரந்தர வேலை. ஐஸ் ஆலையில் ஏழாவது குளிர்காலத்தை நான் கழிக்க மாட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆறு இருபத்தைந்துக்கு ஒலி நின்றது. நான் நிறுத்தவில்லை.

அப்போது இடைவேளை. ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை ஓடவிட்டுவிட்டு, கைபேசியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தேன். லாசரோஸ் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். செவஸ்தியின் கைபேசி பைக்குள். மாந்தோஸ் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தேன். அசையாமல் கிடந்த கைபேசியிலிருந்து கோடு எழும்பியிருந்தது. ஒரு கை உயர்ந்த கோடு. பிறகு முன்னால் தள்ளிய கோடு. நூற்றிருபத்தேழில் இரண்டு விநாடி நின்று, இறங்கியது.

அந்தச் சைகையை நேற்றே நீக்கியாயிற்று.

"சென்சார் கோளாறு" என்றார் மாந்தோஸ், திரையைப் பார்க்காமலே. "விலை மலிவு போன் வாங்கினா இப்படித்தான். நான் பெர்லின்ல ஒரு பட்டறையில இருந்தப்போ..." பெர்லின் கதை பதினோரு நிமிடம் ஓடியது. அதற்குள் கோடு இன்னொரு தடவை எழும்பி இறங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

பயப்படுவதைவிட அளப்பது எனக்கு வரும். கை பார்த்த திசை பதிவில் இருந்தது. நான் இடக்கோடி நாற்காலியில் இருந்தேன், திசை 194 பாகை. வலக்கோடி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து காத்திருந்தேன். ஆறு ஐம்பதுக்கு வந்தது. 171.

இரண்டும் என்னை நோக்கியவை.

கட்டத்தாளில் கூடத்தை வரைந்து, இரண்டு நாற்காலியிலிருந்தும் கோடு இழுத்தேன். மறுமுனையில், மூன்றாம் தூணுக்கு அருகே, ஜன்னலுக்குக் கீழே இரண்டும் வெட்டிக்கொண்டன. அங்கே போய்ப் பார்த்தேன். தரைதான். தள்ளிய கை கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது என்பதையும் பதிவு காட்டியது. நிற்கிற ஆள் இப்படிக் காட்ட மாட்டான். தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிற ஆள்தான் இப்படிக் காட்ட முடியும்.

கணக்கில் எங்கோ பிழை செய்திருக்கிறேன். வழக்கமாகச் செய்கிறவன்தான்.

நவம்பர் 13, புதன்

பிழை இல்லை.

இன்று லாசரோஸின் கைபேசியைக் கேட்டு வாங்கி என் மேஜையில் வைத்தேன். "கண்ணா, அதுல என் காதலிங்க படம் இருக்கு, தொடாம பாரு" என்றான். ஒருத்திகூட இருக்க மாட்டாள். இரண்டு நாற்காலிக்கும் மாறி மாறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பதிவு எடுத்தேன். ஆறு இடங்கள் கிடைத்தன.

முதலில், அது நகர்கிறது என்று நினைத்தேன். தூணிலிருந்து ஜன்னல் ஓரமாக மேற்கே, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். அறுபத்தைந்து சென்டிமீட்டர். மறுபடி அறுபத்தைந்து. மறுபடியும்.

நகர்கிற எதுவும் இவ்வளவு ஒழுங்காக நகராது.

ஏழு பத்துக்கு இரண்டு கைபேசிகளிலும் ஒரே விநாடியில் கோடு எழும்பியது. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து.

ஒருவர் நகரவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பென்சிலைக் கீழே வைத்தேன். கூடத்தின் மறுமுனையில் தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் சட்டங்களைத் தரையில் போட்டிருந்தது. வாசனை திடீரென்று கனத்தது, யாரோ ஒரு மூட்டையை அவிழ்த்ததுபோல. காய்ந்த இலை ஒன்றன்மேல் ஒன்று படியும் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். நிறையப் பேருடைய சத்தம்.

"உனக்குக் கேக்குதா?" என்று செவஸ்தியிடம் கிசுகிசுத்தேன்.

"மன்னிச்சுக்கோ, எது?"

வகுப்பு முடிந்து இறங்கும்போது, துப்புரவு செய்யும் அந்தூலா கைவிளக்கும் வாளியுமாக இரண்டாம் மாடிப் படியில் நின்றாள். ஜன்னல் பக்கம் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு இருப்பா? பொம்பளைங்கதான். எங்க அம்மாவும் அங்கதான் உக்காந்தா. தரையில சாக்கைப் போட்டு, ஆளுக்கு மூணு சாண் இடம். இலையைத் தரம் பிரிக்கணும், தலை நிமிரக்கூடாது." வாளியைக் கீழே வைத்தாள். "உங்க மேஜை போட்டிருக்கீங்களே, அங்க கண்காணி நிப்பான்."

"திட்டுவானா?"

"வாயே திறக்கமாட்டான். கையை விரிச்சு, இப்படி. மொத்த வரிசைக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." அவள் காட்டிய கையை என்மீது படாமல் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போகப் போக அவனால அதை நிறுத்த முடியல. முதலாளிக்குக் காட்டினான், வேலை போச்சு. பாதிரியாருக்குக் காட்டினான், கோயில் போச்சு. தொட்டில்ல கிடந்த சொந்தப் பிள்ளைக்குக் காட்டினானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கென்ன தெரியும்? நான் படி துடைக்கிறவ." கைவிளக்கை என் முகத்தில் அடித்தாள். "எதுக்குடா கேக்குற? நீ ஐஸ் உடைக்கிற பையன்தானே? மாடியில துரை மாதிரி நிக்கிறியாமே, உங்க வாத்தியாரு சொன்னாரு."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். திங்கட்கிழமை எழுதியதைத் திருத்த வேண்டும். மாற்ற மறந்துவிட்டேன் என்று எழுதினேன். மறக்கவில்லை. கையை உயர்த்தியபோது அது பழைய சைகை என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனாலும் தள்ளினேன். லாசரோஸ், செவஸ்தி, மாந்தோஸ், ஆலை, ஊர் எல்லாருக்குமாகச் சேர்த்து, யாரும் இல்லாத பக்கம் பார்த்துத் தள்ளினேன். சுகமாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

ஐந்து மணிக்கே போய்விட்டேன். தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

வெள்ளிக்கிழமைக்கான நாற்காலிகளை நகராட்சி ஆட்கள் ஜன்னலுக்குக் கீழே வரிசையாகப் போட்டிருந்தார்கள், மிகச் சரியாக அந்த இடத்தில். கைபேசியைத் தரையில் வைத்தேன். பதிவை ஓடவிட்டேன். நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரிந்த பலகைகளைப் பார்த்து, "தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. தெரியாமல் பண்ணவில்லை என்பது எனக்கும் தெரியும். பலகையிடம் கெஞ்சுகிற முட்டாள் என்று உள்ளே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோடு பூஜ்யத்தில் இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். துளிகூட அசையவில்லை. புகையிலை வாசனையும் விலகியிருந்தது.

ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

ஆறு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். கடைசி ஒத்திகை. லாசரோஸ் முதலில் குதித்து முடித்தான். செவஸ்தி பயந்து பயந்து வாசித்தாள். அவள் கையில் ஏதோ வித்தை இருக்கிறது, ஆனால் அதை வெளியே விடத் தைரியம் இல்லை. பிறகு நான்.

இவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகப் போனது. ஒலி கூடம் முழுக்க நிறைந்து, தூண்களில் இரும்பு அதிர்வது காலில் தெரிந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

கண்ணைத் திறந்தபோது யாரும் கைதட்டவில்லை.

லாசரோஸ், வாய் ஓயாத லாசரோஸ், பேசாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். மாந்தோஸ் தன் மடிக்கணினியை மூடினார். "போதும்" என்றார். "நாளைக்குப் பார்க்கலாம்." செவஸ்தி ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

என் திறமை மூன்று பேர் வாயையும் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பொறாமை என்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு, தனியாக மேஜையில் உட்கார்ந்து, பதிவைத் திறந்தேன்.

மூன்றாம் நிமிடம் பத்தாம் விநாடி. கை உயர்கிறது. தள்ளுகிறது. நூற்றிருபத்தேழு. நான்கு விநாடி.

மூன்றாம் நிமிடம் நாற்பதாம் விநாடி. மறுபடி.

நான்காம் நிமிடம். மறுபடி.

இந்தத் தடவை கைபேசி மேஜையில் கிடக்கவில்லை. என் புறங்கையில் கட்டியிருந்தது. மூன்று திசைகளையும் தாளில் போட்டேன். ஒன்று மாந்தோஸின் மேஜை. ஒன்று லாசரோஸ் சாய்ந்திருந்த தூண். ஒன்று செவஸ்தியின் நாற்காலி.

என் மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியில் ஓடினேன். செவஸ்தி துறைமுகப் பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"செவஸ்தி, உண்மையைச் சொல்லு. நான் உனக்குக் கை காட்டினேனா?"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் தடவையாக.

"விளையாடாத, ஃபோட்டிஸ்."

"எனக்கு ஞாபகம் இல்ல. சத்தியமா."

"ஒவ்வொருத்தர் முன்னாலயும் வந்து நின்னே. மூஞ்சியிலேர்ந்து ஒரு சாண்கூட இல்ல. மாந்தோஸ் 'என்னப்பா இது'ன்னு எழுந்தார், அவருக்கும் காட்டினே. லாசரோஸ் உன் கையைப் பிடிச்சு இறக்கப் பாத்தான், அவனால முடியல. அவ்வளவு பெரிய ஆளு, அவனால முடியல." அவள் குரல் இறங்கியது. "நான் உன்னை என்ன பண்ணேன்னு கேட்டேன். அதுக்கு நீ சிரிச்சே."

"கண்ணை மூடியிருந்தேன்..."

"திறந்துதான் இருந்துச்சு."

பேருந்து வளைவில் திரும்பியது. அதன் வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தபோது அவள் என் வலப்பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனாள்.

"இறக்கு" என்று கிசுகிசுத்தாள். "ஃபோட்டிஸ், தயவுசெஞ்சு அதை இறக்கு."

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. சந்துகள் வழியாக, கோட்டுக்குள் கையை மடக்கிச் சுவரைப் பார்த்தபடியே வந்தேன். இரண்டு தடவை நழுவி வெளியே வந்துவிட்டது. மீன்கடைக்காரர் ஒருவர் துரத்திக்கொண்டு வந்தார். கெஞ்சி ஓடினேன். ஓடும்போதும் அது பின்னால் திரும்பி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். வலியில்லை. மரத்துப்போகவும் இல்லை. கை என்னுடையதுதான். ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன், மெத்தைக்கு அடியில் செருகினேன். நான் வேறு எதையாவது நினைக்கிற நேரத்தில் மெல்ல எழுந்து விரிந்துவிடுகிறது. நகங்களுக்கு அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. சோப்புக்குப் போகவில்லை.

கைபேசியை அணைத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். மடிக்கணினியில் கோடு நூற்றிருபத்தேழில் நிற்கிறது. திசை எண் மட்டும் மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது. முதலில் ஏன் என்று புரியவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தேன். கீழே தெருவில் யாராவது நடந்துபோனால், அவர்கள் முனை திரும்பும்வரை என் கை கூடவே திரும்புகிறது.

நாளைய வேலை. காலை ஏழு மணிக்கு ஆலைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும், தொலைபேசியில் மட்டும். அகலமான துணிப்பட்டை மூன்று மீட்டர் வாங்க வேண்டும். ஆறு மணிக்கு த்சாகிரி அம்மாள் ஜன்னலுக்குக் கீழே, நடு நாற்காலியில் உட்காருவார். அதற்குள் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையால் வாசிக்க வேண்டும்.

ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது. கட்டிவிட ஒரு ஆள் வேண்டும். யாரைக் கேட்பது என்று காலையில் யோசிக்க வேண்டும்.